வாளைக் கடைசியில் வாங்குங்கள்

பள்ளியில் வாள்வீச்சுக் குழு ஆரம்பிக்கப் போகிறோம் என்றதும் எல்லாரும் கேட்பது, "வாள் எங்கே சார் கிடைக்கும், என்ன விலை?" என்பதுதான். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்த பணத்தில் ஆறு வாள் வாங்கினோம். மிச்சப் பணத்துக்கு இரண்டு மாஸ்க்தான் கிடைத்தது. மூன்றாவது வாரம், நான் ஆசிரியர் கூட்டத்தில் இருந்தபோது, இரண்டு பையன்கள் மாஸ்க் இல்லாமல் வாளை எடுத்துக்கொண்டு மோதிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவனுக்குக் கன்னத்தில் கீறல். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே. அன்று ராத்திரி முழுக்க அந்த ஒரு விரற்கடைதான் என் கண்முன் நின்றது.

மறுநாள் ஆறு வாளையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அடுத்த மூன்று மாதம் பிள்ளைகள் வெறும் காலசைவுதான் பழகினார்கள். எங்கள் குழு உண்மையில் அந்த மூன்று மாதத்தில்தான் உருவானது. அதனால் இந்த அத்தியாயத்தின் வரிசையும் அப்படியே போகும்: முதலில் ஆள், பிறகு இடம், பிறகு கால், பிறகு மாஸ்க். வாள் கடைசி.

முதலில் பார்க்க வேண்டியவர்கள்

தலைமையாசிரியரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், பொறுப்பாசிரியர் யார், பெண் பிள்ளைகள் பயிற்சி செய்யும்போது உடன் இருக்கும் ஆசிரியை யார் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். கடைசியாகச் சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பள்ளி ஆசிரியர் ஒருவர் பார்வையில்தான் பயிற்சி நடக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை ஒருவர் இருந்தே ஆக வேண்டும். வாள்வீச்சில் பயிற்சியாளர் பிள்ளையின் கையைப் பிடித்து, தோளைத் திருத்தித்தான் சொல்லிக்கொடுப்பார். அதைப் பெற்றோர் வந்து பார்க்கிற மாதிரி திறந்த இடத்தில் வைத்துக்கொள்வது எல்லாருக்கும் நிம்மதி.

அடுத்தது பயிற்சியாளர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அலுவலர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் போய், "நம்ம மாவட்டத்தில் வாள்வீச்சு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். மாவட்டத்தில் இல்லாவிட்டால் பக்கத்து மாவட்டத்தைச் சொல்வார்கள். ஆள் கிடைத்ததும் அவர் எங்கே பயிற்சி பெற்றார், எந்த வாளில் ஆடினார், யாரைத் தயார்செய்து போட்டிக்கு அனுப்பினார் என்ற மூன்றையும் விசாரியுங்கள்.

எந்த வாளில் ஆடினார் என்ற கேள்விக்குக் காரணம் உண்டு. இந்த விளையாட்டில் வாள் மூன்று வகை: ஃபாயில், எப்பே, சேபர். ஃபாயில் 500 கிராமுக்குள் இருக்கும். முனையால் மட்டுமே தொட வேண்டும், அதுவும் உடற்பகுதியில் மட்டும். கை, கால், தலையில் பட்டால் புள்ளி இல்லை. எப்பே கனமானது, 770 கிராம் வரை போகலாம். அதுவும் முனையால் குத்துவதுதான். ஆனால் உச்சி முதல் பாதம் வரை எங்கே பட்டாலும் புள்ளி. சேபரில் முனையாலும் குத்தலாம், அலகாலும் வெட்டலாம். இடுப்புக்கு மேலே தலை, கை எல்லாம் இலக்கு.

மூன்றையும் ஒரே பள்ளியில் வைக்க ஆசைப்படாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் வாள் வேறு, நடுவர் பார்க்கும் பார்வையும் வேறு. பயிற்சியாளருக்குக் கைவந்த வாள் எதுவோ, அதுதான் உங்கள் பள்ளியின் வாள். அவருக்கு மூன்றும் தெரியும் என்றால் நான் ஃபாயிலைச் சொல்வேன். வாள் பட்டதை விளக்கெரித்துக் காட்டும் மின்பெட்டி இல்லாமல் பழகும்போது முனை பட்டதும் அலகு வில்லாக வளைவது வெறும் கண்ணுக்கே தெரியும். பட்டதா, படவில்லையா என்ற சண்டை பாதி குறையும்.

வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி ஆடும் வாள் சேபர். சென்னையில் 2004-ல், பள்ளியில் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது வாள்வீச்சு. சேர்ந்துவிட்டார். மின்வாள் விலை அதிகம் என்பதால் மூங்கில் குச்சியில் பழகிவிட்டு, போட்டிக்கு மட்டும் நிஜ வாள் எடுத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்பு முடித்து, கேரளத்தில் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில் சேர்ந்தார். ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சாளர் அவர்தான். 2021-ல் நடந்த டோக்கியோ போட்டியில் முதல் சுற்றை 15-3 என்று வென்றார். 2023-ல் சீனாவின் வூஷியில் நடந்த ஆசிய வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப்பில், அப்போதைய உலகச் சாம்பியன் ஜப்பானின் மிசாகி எமுராவைத் தோற்கடித்து வெண்கலம் வாங்கினார். ஆசியச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். தலைமையாசிரியர் "இதெல்லாம் நம்ம பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?" என்று தயங்கினால் இதைச் சொல்லுங்கள். இந்தக் கதை தொடங்கிய இடம் நம் ஊரின் ஒரு பள்ளிக்கூடம்தான்.

வராந்தா போதும்

ஆடுகளத்தின் பெயர் பிஸ்ட். நீளம் 14 மீட்டர், அகலம் ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டர். இந்த அளவைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் பள்ளியின் முதல் மாடி வராந்தா. நம் ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் அப்படி ஒரு நீள வராந்தா இருக்கும். பள்ளி விட்டபின் நாலரை மணிக்கு அது காலியாகவும் இருக்கும். காலசைவு பழக இதைவிட நல்ல இடம் தேட வேண்டாம். ஆனால் வாளோடு மோதும் ஆட்டத்தை வராந்தாவில் வைக்காதீர்கள். தூணும் கைப்பிடிச் சுவரும் பக்கத்திலேயே இருக்கும், எந்த வகுப்பறையிலிருந்து யார் வெளியே வருவார்கள் என்றும் தெரியாது. மோதல் ஆட்டத்துக்குப் பிரார்த்தனைக் கூடமோ விழா அரங்கமோதான் சரி. கோட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் இன்னும் ஓரிரு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். பின்வாங்குகிற பிள்ளை சுவரைப் பார்ப்பதில்லை.

சுண்ணாம்புக் கட்டியால் நடுக்கோடு போடுங்கள். அதிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு மீட்டரில் ஆட்டம் தொடங்கும் கோடு. கடைசிக் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்னால் எச்சரிக்கைக் கோடு. இரண்டு காலும் கடைசிக் கோட்டைத் தாண்டினால் எதிராளிக்கு ஒரு புள்ளி என்பதைப் பிள்ளைகள் முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும். இந்த ஆட்டத்தில் ஓடி ஒளிய இடம் கிடையாது.

சிமென்ட் தரையில் ஒரு சிக்கல் உண்டு. முன்காலை எறிந்து பாயும் லஞ்ஜ் அசைவில் குதிகால்தான் முதலில் தரையில் இறங்கும். நூறு தடவை பாய்ந்தால் நூறு அடியும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் போகும். தடிமனான சோல் உள்ள ஷூ இல்லாத பிள்ளையை லஞ்ஜ் செய்ய விடாதீர்கள். வெறுங்காலோடும் வேண்டாம்.

நிற்பது எப்படி என்றால், முன்கால் எதிராளியை நேராகப் பார்க்க வேண்டும். பின்கால் அதற்குச் செங்கோணமாகத் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில். முழங்கால் மடிந்து, முதுகு நிமிர்ந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்த மாதிரி. முன்னே போகும்போது முன்கால் முதலில், பின்னே வரும்போது பின்கால் முதலில். தலை மேலும் கீழும் ஆடக்கூடாது. நான் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் ஒரு கணக்கு நோட்டை வைத்து வராந்தா முழுக்க நடக்கவிடுவேன். நோட்டு விழாமல் போய்த் திரும்புகிற நாளில் அந்தப் பிள்ளைக்கு மூங்கில் குச்சி கிடைக்கும்.

சிலம்பம் சுற்றிய பிள்ளைகள் சேர வந்தால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டும் பார்வையும் தயாராக இருக்கும். ஆனால் சிலம்பத்தில் கால் வட்டமாகச் சுழலும், இங்கே ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னும். கம்பு வீச்சின் பெரிய வட்டம் இங்கே உதவாது. இங்கே வட்டம் ஒரு ரூபாய் நாணய அளவுதான். பழையதை மறக்கச் சொல்லாமல், இது வேறு ஆட்டம் என்று சொல்லிக்கொடுத்தால் அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

அம்மாக்களின் கேள்வி

சம்மதக் கடிதம் வாங்க ஒரு கூட்டம் போட வேண்டும். கடிதத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவதோடு முடித்துவிடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "சார், பொம்பளப் புள்ள. கண்ணுல கிண்ணுல பட்டுருச்சுன்னா நாளைக்கு யாரு சார் பதில் சொல்றது?" என்று கேட்டார். கன்னக் கீறலை நேரில் பார்த்தவன் நான். அந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாஸ்க்கை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "போட்டுப் பாருங்கம்மா." போட்டார். கம்பி வலையில் பேனா முனையால் அழுத்தச் சொன்னேன். அழுத்திப் பார்த்துவிட்டு, "வெயிட்டா இருக்கே, புள்ளைக்குக் கழுத்து வலிக்காதா?" என்றார். பயம் கண்ணிலிருந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பதில் சொல்வது சுலபம்.

ஆனாலும் உண்மையை மறைக்காதீர்கள். 1982-ல் ரோமில் நடந்த உலகப் போட்டியில், ஒலிம்பிக் தங்கம் வென்ற சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் பட்ட காயத்தால் இறந்துபோனார். எதிராளியின் அலகு உடைந்து, உடைந்த முனை மாஸ்க் வலையைத் துளைத்துவிட்டது. இந்த விளையாட்டின் பாதுகாப்பு விதிகள் அதற்குப் பிறகுதான் அடியோடு மாறின. அலகுக்கு உறுதியான புது எஃகு வந்தது, உடைக்கும் மாஸ்க்குக்கும் எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்ற அளவு வந்தது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று இதிலிருந்து நமக்குத் தெரிகிறது: பழுதான அலகிலும் தேய்ந்த மாஸ்க்கிலும். சரியான கவசத்தோடு ஆடும்போது பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நேர்வது கணுக்கால் சுளுக்கும், கையில் தொடையில் சிவந்த தடிப்பும்தான்.

அதனால் பணம் வந்ததும் முதல் செலவு மாஸ்க். மூன்று அளவுகளில் வாங்குங்கள். தலையைக் குனிந்து உலுக்கினாலும் கழன்று விழக்கூடாது. தாடைக்குக் கீழே தொங்கும் துணி கழுத்தை முழுசாக மூட வேண்டும். வலையில் பள்ளமோ துருவோ கண்டால் அந்த மாஸ்க் அன்றோடு ஓய்வு. ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது. அடுத்தது ஜாக்கெட். அதற்குள்ளே, வாள் பிடிக்கும் கையின் அக்குளையும் விலாவையும் மூடும் பிளாஸ்ட்ரான் என்ற அரைச்சட்டை. பெண் பிள்ளைகளுக்கு மார்புக் கவசம் கட்டாயம். கையுறையின் விளிம்பு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுப்பாதி வரை சட்டைக்கு மேலே ஏற வேண்டும். இல்லாவிட்டால் எதிராளியின் முனை சட்டைக் கைக்குள் நுழைந்துவிடும்.

இடதுகைப் பிள்ளைகளை ஆரம்பத்திலேயே எண்ணிக்கொள்ளுங்கள். ஜாக்கெட், கையுறை, கைப்பிடி மூன்றும் அவர்களுக்கு வேறு. நான் முதல் ஆர்டரில் இதை மறந்துவிட்டேன். நல்ல கை வாய்ந்த ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை நாலு மாதம் குச்சியோடு காத்திருந்தாள். இடதுகை ஆட்டக்காரருக்கு எதிராக ஆடுவது எல்லாருக்குமே சிரமம். அப்படி ஒரு பிள்ளை உங்கள் குழுவில் இருப்பது மற்ற பிள்ளைகளுக்கும் பயிற்சி.

பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள குழுவுக்கு நாலு செட் கவசம் போதும். இரண்டு ஜோடி ஆடும்போது மற்ற எட்டுப் பேரில் இருவர் நடுவர், இருவர் புள்ளி எழுதுபவர்கள், நாலு பேர் காலசைவு. பணத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் முன்னாள் மாணவர்களையும் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால், 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் நன்கொடைகளுக்கென்றே இருக்கிறது. கேட்கும்போது "வாள்வீச்சுக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், "ஒரு மாஸ்க் வாங்கித் தாருங்கள்" என்று கேளுங்கள். கொடுப்பவருக்கும் என்ன கொடுத்தோம் என்று கண்ணால் பார்க்க முடியும்.

சேர வருகிற தம்பி தங்கைகளுக்கு

முதல் நாள் டிராக் பேண்ட், டி-சர்ட், ஷூ போதும். முடியை இறுக்கிக் கட்டுங்கள். செயின், கம்மல், கைக்கயிறு எல்லாம் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முதல் மாதம் வாள் கையில் கிடைக்காது என்று தெரிந்தே வாருங்கள். உயரம் குறைவு, உடம்பு குண்டு, ஓட்டத்தில் கடைசி என்று எதையும் நினைத்துத் தயங்க வேண்டாம். எங்கள் குழுவில் நன்றாக ஆடியவர்கள் பலர் வேறு எந்த விளையாட்டிலும் பெயர் கொடுக்காதவர்கள். எதிராளியின் தோளையும் காலையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்தால் போதும்.

நேரம் தவறாதீர்கள். பவானி தேவி 14 வயதில் துருக்கியில் ஆடப்போன முதல் சர்வதேசப் போட்டியில், மூன்று நிமிடம் தாமதமானதால் கறுப்பு அட்டை காட்டப்பட்டு ஆடாமலே வெளியேற வேண்டியதாயிற்று. வாள்வீச்சில் பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் களத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டம் தொடங்கும்முன் மாஸ்க்கைக் கழற்றி, வாளை உயர்த்தி எதிராளிக்கும் நடுவருக்கும் வணக்கம் வைக்க வேண்டும். இதை மறந்தால் விதிப்படியே தண்டனை உண்டு. முதல் சுற்று ஆட்டங்கள் 5 புள்ளிக்கு, 3 நிமிடம். வெளியேற்றுச் சுற்றில் 15 புள்ளி.

ஃபாயிலிலும் சேபரிலும் உங்களுக்கு முதலில் குழப்பம் வருவது முன்னுரிமை விதியில்தான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தால் புள்ளி யாருக்கு? எங்கள் கூடத்தில் ஒரு நாள் நடந்ததை வைத்தே சொல்கிறேன். வலப்பக்கப் பெண் கையை நீட்டிக்கொண்டு இரண்டு அடி முன்னேறினாள். தாக்குதல் அவளுடையது, அதுவரை முன்னுரிமையும் அவளுக்கே. இடப்பக்கப் பெண் பின்வாங்கி, மணிக்கட்டை மட்டும் திருப்பி, அந்த வாளை 'டிங்' என்று தட்டிவிட்டாள். அந்தச் சத்தத்தோடு முன்னுரிமை கைமாறியது. அவள் உடனே கையை நீட்டினாள். வலப்பக்கப் பெண்ணோ விடாமல் மறுபடி குத்தினாள். இரண்டு முனையும் பட்டன. நடுவராக நின்ற ஒன்பதாம் வகுப்புப் பையன், "தாக்குதல் வலம், தடுப்பு இடம், பதிலடி இடம், புள்ளி இடம்" என்று கைகாட்டினான். தட்டிவிட்டு உடனே குத்தியவளுக்குத்தான் அது. தட்டிவிட்டு யோசித்துக்கொண்டு நின்றிருந்தால் முன்னுரிமை திரும்ப எதிராளிக்கே போயிருக்கும். எல்லாப் பிள்ளைகளையும் முறைவைத்து நடுவராக நிற்கவைக்க நான் வற்புறுத்துவது இதனால்தான். பத்து ஆட்டத்துக்கு வாய்விட்டுத் தீர்ப்புச் சொன்ன பிள்ளைக்கு, ஆடும்போது எப்போது பாய வேண்டும் என்பது தானாக விளங்கும்.

பத்தாம் வகுப்பு

பள்ளிக் குழுக்கள் சாவது பணம் இல்லாமல் அல்ல. ஜனவரி மாதத்தில்தான். திருப்புதல் தேர்வு தொடங்கியதும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். குழுவே பத்தாம் வகுப்பாக இருந்தால் அடுத்த ஜூனில் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டு வருடம் இப்படி எனக்கு அறுந்துபோனது. பிறகு ஒரு முறை வைத்தோம்: பன்னிரண்டு பேரில் பாதிக்கு மேல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு. பயிற்சியைத் தொடங்கி வைக்கும் பொறுப்பு எப்போதும் ஒன்பதாம் வகுப்புக்கு. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் டிசம்பரோடு விடைபெற்று, விருப்பப்பட்டால் சனிக்கிழமை அரைமணி நேரம் வந்து கால் வீசிவிட்டுப் போகலாம். பெற்றோரிடம் இதை ஜூனிலேயே சொல்லிவிட்டால் டிசம்பரில் யாரும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவு இருப்பதால், சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பது வீணாகவும் போகாது. வயதுச் சான்று, ஆதார் நகல், புகைப்படம் மூன்றையும் சேரும் நாளிலேயே வாங்கி ஒரு கோப்பில் போட்டுவையுங்கள்.

பீரோ

இனி வாள் வாங்கலாம். மின்வாள் வேண்டாம். முனையில் ரப்பர் மூடி உள்ள சாதாரண வாள் நாலு. உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு நீளம் குறைந்த அலகு தனியாகக் கிடைக்கும். முழு அளவு ஃபாயில் அலகு 90 சென்டிமீட்டர்.

வியர்வை பட்ட வாளை அப்படியே பைக்குள் போட்டால், அதுவும் கடலோர ஊர்களில், இரண்டே நாளில் செம்புள்ளி வந்துவிடும். பயிற்சி முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, வாரத்துக்கு ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவுங்கள். ஈரக் கையுறையை வாளோடு சேர்த்து வைக்காதீர்கள். அலகை விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். மெல்லிய வளைவு இருக்கலாம். 'ட' போல மடிந்த அலகு அந்த இடத்தில்தான் உடையும். அதை நிமிர்த்திப் பயன்படுத்தாமல் அப்போதே கழித்துவிடுங்கள்.

பீரோவுக்குச் சாவி இரண்டு. ஒன்று பொறுப்பாசிரியரிடம், இன்னொன்று தலைமையாசிரியர் அறையில். உள்ளே ஒரு நோட்டு தொங்கட்டும். எங்கள் நோட்டில் நேற்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தது: "மாஸ்க் 4, ஸ்ட்ராப் லூஸ். வாள் 2, ரப்பர் இல்லை. எடுக்கவில்லை."